மருந்துப் புட்டியின் மேற்சீட்டும் அரசின் கடமையும்

"ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்று நம் நாட்டிற் பலரும் நகைப்பாகச் சொல்வதுண்டு. அப்பழமொழியின் உண்மை வடிவம் "ஆயிரம் வேரைக் கொண்டவன் அரை வைத்தியன்" என்பதே என்பாரும் உளர். ஆயிரம் வேர்களைக் கண்டு தேர்ந்து கைக்கொண்டவனும் பாதி வைத்தியனே. மற்றைப் பாதி அனுபவத்தால் வரவேண்டுவது என்பது அதன் கருத்து. ஓரிரண்டு எழுத்து மாறிய அளவில், கல்வியைப் பற்றிய வாக்கியம் கொலையைப் பற்றியதாகி விட்டது. மருந்து விஷயத்திலும் பெயர் பிறழ்வதால் விளையும் கேடு இத்தகையதே.

மூலிகை மருந்துகள் பொய்ப்பெயர் பூண்டு விலைபோவதைத் தடுக்க அரசாங்கம் செய்யக்கூடியது யாது, செய்தது எவ்வளவு பயன்பட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் சரித்திரத்தைச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம். ஒரு சட்டம் இயற்றி, அதன் குறையைக் கண்டு, மற்றொரு சட்டம் இயற்றி, அதன் குறையையும் கண்ட நாடு அது. அவ்வழியே சென்றால் நமக்கு வேண்டிய பாடம் படிப்படியாக விளங்கும்.

முற்காலத்தில் வைத்தியர் பறித்துவந்த பச்சிலையை நோயாளியின் வீட்டாரே கண்டனர், முகர்ந்தனர், அம்மியில் வைத்து அரைத்தனர். துளசியைத் துளசியென்றும் ஆடாதோடையை ஆடாதோடையென்றும் அறியாதார் இலர். மூலிகையானது பொடியாகவும் மாத்திரையாகவும் சாறாகவும் மாறிப் புட்டிக்குள் புகுந்தபின் அவ்வறிவு பயன்படாது போயிற்று. இலையின் வடிவமும் பூவின் நிறமும் மறைந்தன. புட்டியின்மேல் ஒட்டிய சீட்டொன்றே எஞ்சியது. அம்மேற்சீட்டே நோயாளிக்குக் கண். உள்ளிருப்பது யாது, அஃது எவ்வளவு, அது செய்வது என்ன என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடை கூறவேண்டும். இம்மூன்றில் ஒன்றிலேனும் அது பொய்த்தால், வாங்கியவன் இருட்டில் மருந்துண்பவனே ஆவான்.

பெயரும் அளவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பத்திரிகைகள் இரகசிய மருந்து விளம்பரங்களால் நிறைந்திருந்தன. அவற்றுட் பெயர்பெற்றது, மாசசூசெட்ஸ் மாகாணத்து லின் நகரில் லிடியா பிங்கம் என்னும் மாது மாதர் நோய்களுக்கெனச் செய்து விற்ற மூலிகைக் கூட்டு மருந்தாகும். அதிற் சேர்ந்த சரக்குகளுள் நம் சமையலறை வெந்தயமும் ஒன்று. ஆனால் வேர்களையும் விதைகளையும் பற்றிப் பெரிதும் பேசிய விளம்பரங்கள், அம்மருந்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 18 பங்கு மதுசாரம் கலந்திருந்ததை உரைத்தில. மதுவைத் தீண்டாத குடும்பத்து மாதரும் அதனை மூலிகையென்று நம்பி அருந்தினர். மேலும், அம்மாது 1883-ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். அதன் பின்னும் "திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள்" என்று விளம்பரங்கள் பெண்களை அழைத்துக் கொண்டிருந்தன. 1905-ஆம் ஆண்டில் எட்வர்டு பாக் என்னும் பத்திராசிரியர் அம்மாதின் கல்லறையைப் படம்பிடித்து வெளியிட்ட பின்னரே, தாம் யாருக்குக் கடிதம் எழுதி வந்தோம் என்று பலர் சிந்திக்கத் தொடங்கினர்.

அதே ஆண்டில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் என்பார் காலியர்ஸ் என்னும் வாரப்பத்திரிகையில் இத்தகைய மருந்துகளின் உட்பொருளை வெளிப்படுத்தித் தொடர் கட்டுரைகள் எழுதினார். அரசாங்க விவசாய இலாகாவின் தலைமை இரசாயனரான ஹார்வி வைலி என்பாரும் நெடுங்காலமாக இதற்கெனப் போராடி வந்தார். இவர்கள் முயற்சியின் பயனாக, 1906-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள், தூய உணவு மருந்துச் சட்டத்திற் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

இச்சட்டம் இரகசிய மருந்துகளை ஒழித்துவிடவில்லை. மதுசாரம், அபினி, மார்பியா, கொக்கெயின் முதலிய சில பொருள்கள் சேர்ந்திருந்தால், அவற்றின் பெயரையும் அளவையும் மேற்சீட்டிற் குறிக்கவேண்டும் என்றது. மருந்தின் சரக்குகளைப் பற்றிப் பொய் கூறலாகாது என்றது. அவ்வளவே. எனினும் அவ்வளவே பெரும்பயன் தந்தது. குழந்தையின் அழுகையை அடக்கக் கொடுத்த பாகுமருந்தில் மார்பியா உண்டென்று புட்டியே சொல்லத் தொடங்கியபின், அதனை வாங்கும் தாய் இருமுறை எண்ணினாள்.

இச்சட்டத்தின்கீழ் 1916-ஆம் ஆண்டில் நடந்த வழக்கொன்று இன்றும் பேசப்படுகிறது. கிளார்க் ஸ்டான்லி என்பவன் பாம்பெண்ணெய் என்று விற்ற தைலத்தை அரசாங்க இரசாயனர் பரிசோதித்தனர். அதில் இருந்தது பெரும்பாலும் கனிம எண்ணெய். அதனோடு நூற்றுக்கு ஒரு பங்களவு கொழுப்பெண்ணெயும் மிளகாய்ச் சத்தும் சேர்ந்திருந்தன. பாம்பைக் காட்டி மிளகாயை விற்றவனுக்கு விதித்த அபராதம் 20 டாலர். கொள்ளையின் அளவை நோக்க அபராதம் சிறிதே. எனினும், பெயர்ப்பொய்யை இரசாயனச் சாலையிற் கண்டு நியாயஸ்தலத்தில் நிறுவலாம் என்பது அதனால் உறுதியாயிற்று. ஆங்கிலத்திற் பாம்பெண்ணெய் என்பது போலி மருந்துக்கே பெயராயிற்று.

குணமும் கருத்தும்

மூன்றாம் வினாவாகிய, மருந்து என்ன செய்யும் என்பதிலேதான் சட்டம் தடுமாறியது. புற்றுநோயைத் தீர்ப்பதாகச் சீட்டொட்டி ஜான்சன் என்பவர் விற்ற மருந்தைப் பற்றிய வழக்கு, 1911-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. நீதிபதி ஹோம்ஸ் வழங்கிய தீர்ப்பின் சாரம் இது: சட்டம் தடுப்பது மருந்தின் அடையாளத்தையும் தரத்தையும் பற்றிய பொய்யையே, அது நோயைத் தீர்க்கும் என்னும் புகழ்ச்சி இச்சட்டத்துள் அடங்காது. நீதிபதி ஹியூஸ் முதலிய மூவர் இதற்கு மாறாக நின்றனர். ஆயினும் பெரும்பான்மையோர் முடிவே நிலைத்தது. ஆகவே, சரக்கைப் பற்றி மெய் கூறிவிட்டுக் குணத்தைப் பற்றி எத்துணைப் பொய்யும் கூறலாம் என்னும் நிலை ஏற்பட்டது.

குடியரசுத் தலைவர் டாஃப்ட் இக்குறையை நீக்கும்படி காங்கிரஸ் சபையைக் கேட்டுக்கொள்ள, 1912-ஆம் ஆண்டில் ஷெர்லி திருத்தம் என்னும் சட்டத்திருத்தம் நிறைவேறியது. குணத்தைப் பற்றிய பொய்யும் இனிக் குற்றமாயிற்று. 1916-ஆம் ஆண்டில், க்ஷயரோகத்தைத் தீர்ப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு மருந்தின் வழக்கில், முன்னர் மாறாக நின்ற ஹியூஸே இத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பெழுதினார்.

ஆனால் திருத்தத்திலும் ஒரு முடிச்சு இருந்தது. கூற்றுப் பொய்யாயிருந்தால் மட்டும் போதாது. ஏமாற்றும் கருத்தோடு அது கூறப்பட்டதையும் அரசாங்கம் மெய்ப்பிக்கவேண்டும். ஒருவன் நெஞ்சிற் கொண்ட கருத்தை நியாயஸ்தலத்தில் எவ்வாறு காட்டுவது? அதனால் விளைந்த தீங்கிற்குப் பான்பார் என்னும் நீரிழிவு மருந்தே சான்றாகும். அது குதிரைவால் என்று அந்நாட்டார் வழங்கும் ஒரு பூண்டின் சாறு. நாம் உண்ணும் குதிரைவாலித் தானியம் வேறு, இது வேறு. இன்சுலின் 1922-ஆம் ஆண்டிலேயே நோயாளிகளுக்குக் கிடைக்கத் தொடங்கிவிட்டது. அதைக் கொள்ளாது இச்சாற்றை நம்பியோர் பலர். அவர்களிற் சிலர் தாம் குணமடைந்ததாக நற்சாட்சிக் கடிதங்கள் எழுதினர். அரசாங்கம் அக்கடிதங்களைத் தேடிச்சென்று, எழுதியோர் நீரிழிவாலேயே மாண்டனர் என்று காட்டும் மரணப் பத்திரங்களை எடுத்துவந்து நியாயஸ்தலத்தில் வைத்தது. எனினும் மருந்து விற்றவன் ஏமாற்றக் கருதினான் என்பது மெய்ப்பிக்கப்படவில்லையென்று அரசாங்கம் தோற்றது. நற்சாட்சிக் கடிதமும் மரணப் பத்திரமும் அருகருகே வைக்கப்பட்டு, 1933-ஆம் ஆண்டில் உணவு மருந்து இலாகாவினர் நடத்திய பொருட்காட்சியில் இடம்பெற்றன. கண்டோர் மனம் கலங்கினர். சட்டத்தின் குறையைப் பல பக்கங்களில் எழுதுவதினும் அவ்விரண்டு தாள்களும் நன்கு விளக்கின.

மெய்ப்பிக்கும் பாரம்

1937-ஆம் ஆண்டில் வேறொரு பேரிடர் நேர்ந்தது. மூலிகையன்றாயினும் இவ்வரலாற்றில் அதனைக் கூறாதிருத்தல் இயலாது. சல்ஃபானிலமைடு என்னும் மருந்தை நஞ்சான ஒரு திரவத்திற் கரைத்து எலிக்சிர் என்னும் பெயரோடு விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் குழந்தைகள் பலர். நச்சுப்பொருளை விற்றது அக்காலச் சட்டப்படி குற்றமன்று! எலிக்சிர் என்றால் மதுசாரம் சேர்ந்திருக்கவேண்டும், இதில் அஃது இல்லை, ஆகவே பெயர் பொய் என்னும் ஒரே காரணத்தாலேயே அரசாங்கம் அதனைக் கைப்பற்ற முடிந்தது. பெயர்ப்பொய் என்னும் மெல்லிய நூலைக்கொண்டே எஞ்சிய உயிர்கள் காக்கப்பட்டன.

இதன்பின் 1938-ஆம் ஆண்டில் நிறைவேறிய புதுச்சட்டம் இரண்டு செய்தது. முதலாவது, கருத்தை மெய்ப்பிக்கவேண்டும் என்னும் முடிச்சை அவிழ்த்தது. மேற்சீட்டுப் பொய்யானாலும் மயக்கம் தருவதானாலும் குற்றமே. இரண்டாவது, புதுமருந்து தீங்கற்றது என்பதை விற்பதற்கு முன்னரே செய்வோன் காட்டவேண்டும் என்றது. மருந்து பயன் தரும் என்பதையும் முன்னரே காட்டவேண்டும் என்னும் விதி 1962-ஆம் ஆண்டில் வந்தது.

ஆயினும் 1994-ஆம் ஆண்டில் அந்நாட்டார் மூலிகைகளுக்குத் தனிவழி வகுத்தனர். மூலிகைப் பொருள்கள் பல, மருந்தென்னாது துணையுணவு என்னும் பெயரால் விற்கப்படலாயின. நோயைத் தீர்க்கும் என்று அவற்றின் சீட்டிற் கூறலாகாது; உடலின் தொழிலுக்குத் துணைபுரியும் என்று கூறலாம்; அக்கூற்றை அரசாங்க இலாகா ஆராய்ந்ததில்லை என்னும் குறிப்பையும் சேர்க்கவேண்டும். விற்பதற்குமுன் அனுமதி வேண்டா. தீங்குண்டென்று காட்டும் பாரம் அரசாங்கத்தின் மேலதாயிற்று. சரக்கின் அடையாளத்தைச் செய்வோரே பரிசோதிக்கவேண்டும் என்னும் விதி 2007-ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

இவ்வழியின் அபாயத்தைப் பி.சி.-ஸ்பெஸ் என்னும் சரக்கு காட்டியது. ஸ்பெஸ் என்பது இலத்தீன் மொழியில் நம்பிக்கை எனப் பொருள்படும். எட்டு மூலிகைகள் சேர்ந்தது என்று கூறப்பட்ட அதனை, ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயால் வருந்தியோர் நம்பி உண்டனர். சிலர்க்கு நோய்க்குறி தணிந்ததும் உண்மையே. அதனை ஆராய்ந்தபோது, இரத்தம் உறையாதபடி செய்யும் வார்ஃபாரினும், செயற்கைப் பெண்சுரப்புப் பொருளும் அதிற் காணப்பட்டன. அவை எந்தச் செடியிலும் விளையாதவை. இரசாயனச் சாலையிற் பிறந்தவை. 2002-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாகாணச் சுகாதார இலாகாவும் மத்திய அரசாங்கமும் எச்சரிக்க, அச்சரக்குச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மூலிகையின் புகழை இரசாயனப் பொருள் திருடியது என்பதா, இரசாயனப் பொருளின் செயலை மூலிகை திருடியது என்பதா? எவ்வாறு கூறினும் களவு களவே.

பெயர் மயக்கம்

ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இல்லாத இடத்தும் பெயர் பிழைத்தல் உயிரை வாங்கும். பெல்ஜியம் நாட்டுப் புருசெல்ஸ் நகரில், உடல் மெலிய விரும்பிய மாதர்க்கு 1990-ஆம் ஆண்டு முதலாகச் சீன மூலிகையொன்று கொடுக்கப்பட்டது. கொடுக்க எண்ணியது ஃபாங் ஜி என்னும் ஒரு வேர்; வந்து சேர்ந்ததோ பெயரில் அதனை ஒத்த மற்றொரு செடியின் வேர். பின்னது நம் நாட்டு ஆடுதின்னாப்பாளையின் இனத்தைச் சேர்ந்தது, அவ்வினத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் விளைக்கும். ஏறக்குறைய நூறு மாதர் சிறுநீரகம் பழுதுற்றனர். 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கமும் அவ்வமிலம் உள்ள சரக்குகளை உண்ணலாகாதென எச்சரித்து, துறைமுகங்களில் அவற்றைத் தடுக்க ஏற்பாடு செய்தது.

அமெரிக்காவிலேயே அண்மையில் நிகழ்ந்தது நம்மவர்க்கு இன்னும் எளிதில் விளங்கும். மெக்சிக்கோ நாட்டில் தெஹோகோத்தே என்றொரு பழமரம் உண்டு. அதன் வேர் உடலை மெலிவிக்கும் என்று சொல்லி, சிறு துண்டுகளாகப் புட்டியிலடைத்துத் தபால்வழியே விற்றனர். 2022-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஒரு சிறுகுழந்தை அத்துண்டுகளை விழுங்கி மருத்துவசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மருத்துவர் ஐயுற்று, அத்தகைய சரக்குகள் பத்தினை வாங்கி ஆராய்ந்தனர். ஒன்பதில் இருந்தது மஞ்சள் அரளி! இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதுவென நம் ஊர்ச் சிறுவரும் அறிவர். ஆடுமாடுகளும் அதன் இலையை மேய்வதில்லை. ஆனால் பெயர் மாறித் துண்டுபட்டுப் புட்டிக்குள் வந்தபோது, அது நஞ்செனக் காண்பார் இலராயினர். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து இலாகா இத்தகைய சரக்குகளின் பெயர்களை வெளியிட்டு மக்களை எச்சரித்தது.

இங்கு மற்றொரு நியாயத்தையும் மறத்தலாகாது. பொய்யைக் காணும் கருவியும் மெய்யாயிருத்தல் வேண்டும். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் மாகாணத்து அட்டர்னி ஜெனரல், நான்கு பெரிய வாணிகக் கூடங்களில் விற்ற மூலிகைச் சரக்குகளை டி.என்.ஏ. என்னும் மரபுப்பொருளைக்கொண்டு பரிசோதித்து, நூற்றில் 21 பரிசோதனைகளிலேயே சீட்டிற் கூறிய செடியின் அடையாளம் காணப்பட்டதென்று அறிவித்து, விற்பனையை நிறுத்தச் சொன்னார். தாவர அறிஞர் பலர் இதனை மறுத்தனர். இலையைக் காய்ச்சிச் சாரம் இறக்கும்போது அம்மரபுப்பொருள் சிதைந்துபோகும். ஆகவே அது காணப்படாமையால் மூலிகையே இல்லையென முடிவு கட்டலாகாது என்பது அவர் வாதம். அவ்வாதம் நேரியதே. காய்ந்த வேருக்கு ஏற்ற பரிசோதனை காய்ச்சிய சாரத்துக்கு ஏற்காது. அறிவு துணைநில்லாத அதிகாரம் குற்றமற்றவனையும் தண்டித்துவிடக் கூடும்.

நம் நாட்டு நிலை

இந்தியாவில் 1930-ஆம் ஆண்டில் டாக்டர் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழுவின் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1940-ஆம் ஆண்டில் மருந்துச் சட்டம் பிறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டம் மந்திர தந்திர மருந்துகளைப் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுத்தது. சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளுக்கெனத் தனி அத்தியாயம் 1964-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மருந்துச் சட்டத்திற் சேர்ந்தது. பொய்ச்சீட்டு ஒட்டியது, கலப்படமானது, போலியானது என மூவகைக் குற்றங்களை அச்சட்டம் இப்போது பிரித்துக் கூறுகிறது. அமெரிக்க வரலாற்றில் நாம் கண்ட பொய்கள் பலவும் இவற்றுள் அடங்கும்.

சட்டம் இருந்தும் பெயர் மயக்கம் ஒழிந்ததில்லை. பிரமி என்று வடநாட்டிற் சிலர் வல்லாரையைக் கொடுப்பர். சிலர் நீர்ப்பிரமியைக் கொடுப்பர். சங்கபுஷ்பி என்றால் நம் பக்கத்தில் வேலியிற் படரும் சங்குப்பூவைக் கருதுவர். வடநாட்டார் கருதுவது வேறு செடி. அசோகப் பட்டையென்று நெட்டிலிங்கப் பட்டையை விற்பதும், மிளகோடு பப்பாளி விதையைக் கலப்பதும் கடைவீதி அறிந்த செய்திகளே. இவற்றுட் சில மயக்கம்; சில மோசடி. உண்பவன் உடலுக்கு அவ்வேற்றுமை தெரியாது.

இதுவரை கண்டவற்றால் துணியப்படுவது யாதெனின், அரசாங்கத்தின் நடவடிக்கை இன்றியமையாதது, ஆயினும் தனித்து நின்று போதாதது என்பதே. தண்டனை பொருளுக்குப் பின்னே வருவது. நஞ்சோ முன்னே சென்றுவிடுவது. இருபது டாலர் அபராதம் வந்தபோது தைலம் விற்றாயிற்று. மரணப் பத்திரம் கிடைத்தபோது நோயாளி இறந்தாயிற்று. மஞ்சள் அரளியென்று தெரிந்தபோது குழந்தை விழுங்கியாயிற்று. ஆதலால் பொய் புட்டிக்குள் புகுமுன் அதனைத் தடுப்பவர் வேண்டும். வேரைக் கண்ட அளவில் இன்னதென்று கூறவல்ல தாவர நூலாரும், சாற்றிற் கலந்ததைப் பிரித்துக் காட்டவல்ல இரசாயன நூலாரும், பெயர்களின் பிறழ்ச்சியை ஏட்டுச்சுவடிகளோடு ஒப்பிட்டுத் தெளியவல்ல தமிழறிஞரும் கூடிச் செய்யவேண்டிய பணி இது.

மூலிகை வைத்தியத்தை இழித்துரைப்பது நம் கருத்தன்று. பொய்ச்சீட்டினால் முதற்கண் கெடுபவன் நோயாளி; அடுத்துக் கெடுபவன் உண்மையான மூலிகையைத் தேடிக் கொணர்ந்து விற்கும் நேர்மையுள்ள வைத்தியனே. போலி மலிந்த சந்தையில் அவன் மெய்யும் விலைபோகாது. எனவே மேற்சீட்டின் உண்மையைக் காப்பது அவன் தொழிலையும் காப்பதாகும்.

நம் மாணாக்கர்க்கு இதில் உடனே செய்யத்தக்கது ஒன்றுண்டு. தாவர நூல் வகுப்பிற் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, ஊரும் நாளும் பெயரும் எழுதிவைப்பதைப் பலர் பரீட்சைக்காகச் செய்யும் சடங்கென்றே எண்ணுகின்றனர். புருசெல்ஸ் நகரத்து மாதர்க்கு இல்லாது போனது அத்தகைய தாள் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணே. கல்லூரிச் சாலையோரத்து நெட்டிலிங்கத்தின் பட்டையையும் அசோகின் பட்டையையும் அருகருகே வைத்து வேற்றுமை காணக் கற்றவன், பின்னாளில் மருந்துச்சாலையில் அமர்ந்தாலும், பரிசோதனைச் சாலையில் அமர்ந்தாலும், அரசாங்க ஆசனத்தில் அமர்ந்தாலும், தான் கையொப்பமிடும் சீட்டு மெய்யா என்று ஒருமுறை நோக்கியே கையொப்பமிடுவான்.